நாற்பது டன்னுக்குக் கீழே

கடலூர், சிதம்பரம் வட்டாரத்து மக்களுக்கு மிக அருகில் இரண்டு விமான ஓடுபாதைகள் உள்ளன. ஒன்று புதுச்சேரி இலாசுப்பேட்டையில் இருக்கிறது. மற்றொன்று நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தன் நகரியத்தை ஒட்டி அமைத்தது. இரண்டுமே குட்டையானவை. சுமார் 1,500 மீட்டர் நீளமுள்ள புதுச்சேரி ஓடுபாதையிலிருந்து, 180 பேர் அமரும் ஏர்பஸ் 320 போன்ற ஜெட் விமானம் முழுச் சுமையுடன் எழும்ப இயலாது. அதிலும் அக்கினி நட்சத்திர வெயிலில் காற்று அடர்த்தி குறைந்து, இறக்கைகளுக்குக் கிடைக்கும் தூக்குவிசை தளர்ந்துவிடுவதால், அதே விமானத்துக்கு இன்னும் நீண்ட ஓட்டம் தேவைப்படும். ஒரு விமான நிறுவனம் தன் பழைய விமானங்களுக்குப் பதிலாக எவற்றை வாங்குவது என்று தீர்மானிக்கும்போது, விற்பனையாளரின் வண்ணப் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்பே இத்தகைய அளவுகள் பாதிக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகின்றன.

விமானம் பழையது என்பதைக் கட்டிய ஆண்டை வைத்து மட்டும் கணிப்பதில்லை. ஒருமுறை மேலெழுந்து ஒருமுறை தரையிறங்குவதைத் தொழில்துறையினர் ஒரு சுழற்சி எனக் கணக்கிடுகின்றனர். ஒவ்வொரு சுழற்சியிலும் பயணிகள் சுவாசிப்பதற்காக உள்ளே காற்றழுத்தம் ஏற்றப்பட்டு, இறங்கும்போது தணிக்கப்படுவதால், உடற்கூட்டின் உலோகத் தகடு பலூனைப் போல விரிந்து சுருங்கி மெல்ல மெல்ல அயர்ச்சி அடைகிறது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்துக்கு வயது 19தான் என்றாலும், சிறு தூரங்களை ஓயாமல் கடந்து அது 89,000க்கும் மேற்பட்ட சுழற்சிகளை முடித்திருந்தது. கடலோர உப்புக்காற்று தகடுகளின் இணைப்புகளை அரித்திருந்த நிலையில், நடுவானில் அதன் மேற்கூரையின் ஒரு பெரும்பகுதி பிய்ந்து போயிற்று. கடலூர்த் துறைமுகத்தில் படகு வைத்திருப்போருக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அலுமினியத்தையும் அது விட்டுவைப்பதில்லை. ஆகவே குறுகிய தூரங்களில், கடலோர ஊர்களுக்கிடையே உழைக்கும் சிறு விமானம், கண்டம் விட்டுக் கண்டம் பறக்கும் பெரிய விமானத்தைவிட விரைவில் மூப்படைகிறது. அதன் பெரும் பராமரிப்புச் சோதனை நெருங்கும் வேளையில், செலவிட்டு மேலும் சில ஆண்டு ஓட்டுவதா, கழித்துவிடுவதா என்ற முடிவை நிறுவனம் எடுத்தாக வேண்டியுள்ளது.

அடுத்த கேள்வி அளவைப் பற்றியது. ஒரு பயணத்துக்கு ஆகும் மொத்தச் செலவு வேறு, அச்செலவை இருக்கைகளால் வகுத்து வரும் செலவு வேறு. பெரிய விமானத்தில் இருக்கைக்கு ஆகும் செலவு குறைவு, ஆனால் அது இருக்கைகள் நிரம்பினால்தான்; சிறிய விமானத்தில் இருக்கைக்குச் செலவு கூடினாலும், காலியாகப் பறந்தால் ஏற்படும் நட்டம் சிறியது. கிராமத் தடங்களில் பெரிய பேருந்துக்குப் பதிலாக மினி பஸ் ஓடுவதன் பின்னணியிலும் இதே கணக்குதான் இருக்கிறது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் சிதம்பரத்தில் திரளும் கூட்டத்தைப் பார்த்து எந்த நிறுவனமும் விமானத்தின் அளவை முடிவு செய்வதில்லை. விழா எதுவுமற்ற ஒரு செவ்வாய்க்கிழமை நண்பகலில் எத்தனை பேர் பயணச்சீட்டு எடுப்பார்கள் என்பதையே அது பார்க்கிறது.

இனி வேகம். புதுச்சேரியிலிருந்து 2017 ஆகஸ்டு முதல் 2024 மார்ச் வரை ஸ்பைஸ்ஜெட் இயக்கியது, மணிக்கு 650 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கவல்ல கியூ400; அவ்வாண்டு டிசம்பரில் இண்டிகோ கொண்டுவந்தது, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகமுள்ள ஏடிஆர் 72. இரண்டுமே டர்போப்ராப் வகையின, அதாவது ஜெட் எந்திரத்தின் சுழலாற்றலைக் கொண்டு வெளியே விசிறியைச் சுழற்றி உந்துபவை. பெங்களூர் வரையிலான தொலைவில் இந்த வேக வேறுபாட்டால் மிச்சமாவது ஏழெட்டு நிமிடமே என்பதாலும், மெதுவான விமானம் எரிபொருளைக் கணிசமாகக் குறைத்துக் குடிப்பதாலும், குறுந்தூரத்தில் மெதுவானது வெல்வதில் வியப்பில்லை.

அப்படியானால் சிறிய ஜெட் விமானங்களுக்கு இடமே இல்லையா? தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு சோதனை நடந்தது. சென்னையை மையமாகக் கொண்டு 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ், பிரேசில் நாட்டு எம்ப்ரேயர் 170, 175 வகை ஜெட் விமானங்களைக் குத்தகைக்கு எடுத்து, மதுரை, கோவை போன்ற ஊர்களுக்கு இயக்கியது. எழுபது இருக்கை அளவிலான இவ்விமானங்களுக்குப் பொறியியலுக்கு இணையாக வரிக்கணக்கும் பின்னர் துணைநின்றது. விமான எரிபொருளுக்கு மாநிலங்கள் விதித்த விற்பனை வரி மிக உயர்ந்தது. தமிழ்நாட்டில் அது 29 சதவீதமாக இருந்தது. டர்போப்ராப் விமானங்களுக்கு விற்கும் எரிபொருளுக்கு மட்டும் 4 சதவீதம் என்றிருந்த சலுகையை, 2007ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சர் ப. சிதம்பரம், மேலெழும்போது உச்ச எடை 40,000 கிலோவுக்குக் குறைவாக உள்ள எல்லாச் சிறு விமானங்களுக்கும் விரித்தார். எம்ப்ரேயர் ஜெட் விமானங்கள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றன. 80 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்கு அப்போது தரையிறங்கும் கட்டணமும் விதிக்கப்படவில்லை. ஆயினும் எரிபொருளில் மிஞ்சிய பணம் குத்தகைத் தொகைக்குத் தாங்கவில்லை போலும். விமானங்களின் உரிமையாளர்களோடு எழுந்த வழக்குகளுக்கிடையே 2010இல் அந்நிறுவனத்தின் சேவை நின்றது. விமானத்தை மட்டும் சரியாகத் தேர்ந்துவிட்டு, அதற்கான பணத்தை எவ்விதம் திரட்டுவது என்பதில் சறுக்கிய நிறுவனங்கள் உலகெங்கும் உண்டு.

இத்தகைய கோடு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் பெரிய விமான நிறுவனங்கள், தம் சார்பில் சிறிய நிறுவனங்கள் இயக்கும் விமானங்கள் 76 இருக்கைக்கும் சுமார் 39 டன்னுக்கும் மேற்படக் கூடாது என விமானிகள் சங்கங்களோடு ஒப்பந்தம் செய்துள்ளன. தம் வேலை குறைந்த ஊதியக்காரர் கைக்குப் போய்விடக் கூடாது என்பது சங்கங்களின் கவலை. எம்ப்ரேயர் வடிவமைத்த புதிய 175-ஈ2 எரிபொருளை மிச்சப்படுத்தும் எந்திரங்களைக் கொண்டது. அந்த எந்திரங்களே கனமானவை என்பதால் விமானத்தின் எடை 44 டன்னைத் தாண்டிவிட்டது. விளைவாக அங்குள்ள நிறுவனங்கள் ஐம்பது இருக்கைப் பழைய ஜெட் விமானங்களைக் கழித்துவிட்டு, முந்தைய தலைமுறை எந்திரம் பூட்டிய எம்ப்ரேயர் 175ஐயே புதிதாக வாங்கி வருகின்றன. இந்தியக் கோட்டையும் அந்தப் புது விமானம் தாண்டுகிறது என்பது ஒரு வேடிக்கை.

நெய்வேலிக்கு இந்த டன் கணக்குகள் எல்லாம் பெரியவை. அங்கு முன்பு வாயுதூத் நிறுவனத்தின் 19 இருக்கை டோர்னியர் விமானம் சென்னையிலிருந்து வந்து போயிற்று. பயணிகள் குறைந்ததால் நின்றது. சிறு ஊர்களுக்கும் விமான சேவை கிடைக்க மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தின் முதல் சுற்றில், 2017இல், சென்னை-நெய்வேலித் தடம் ஏர் ஒடிசா என்ற நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டும் சேவை தொடங்கவில்லை. கான்பூரில் தயாராகும் அதே வகை டோர்னியர் 2022 ஏப்ரலில் அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டுக்குப் பறக்கத் தொடங்கியது. ஆனால் அம்மாநிலத்தில் மலைச்சாலைப் பயணம் நாள் முழுவதையும் விழுங்கக்கூடும், இங்கே கடலூரில் இரவுச் சாப்பாட்டை முடித்துப் பேருந்தில் ஏறுபவர் விடிவதற்குள் சென்னையில் இறங்கிவிடுகிறார்.