வாய் கொப்பளித்தால் மட்டும் போதுமா?



ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக் செய்வதை, உம்மத்துக்குச் சிரமமாகிவிடுமோ என்று அஞ்சியே நபி (ஸல்) அவர்கள் கட்டாயமாக்காது விட்டார்கள். அவ்வளவு வலியுறுத்தப்பட்ட செயலை இன்று சிலர் மவுத்வாஷ் புட்டியிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கிருமிகளைக் கொல்லும் என்று புட்டியின் மேல் அச்சிட்டிருக்கிறதே, பிறகு பல் துலக்குவது எதற்கு என்கிறார்கள்.

கொல்வது உண்மைதான். எங்கே கொல்கிறது? ஆய்வுக்கூடத்தில் தட்டில் கிருமிகளை வளர்த்து, மருந்தில் நனைத்த காகித வில்லையை அதன் மேல் வைக்கிறார்கள். கிருமி வளராத வளையத்தின் அகலத்தை அளக்கிறார்கள். அங்கே மருந்து மணிக்கணக்கில் தங்குகிறது. நம் வாயிலோ அரை நிமிடம்! மேலும், பல்லின் மீது கிருமிகள் தனித்தனியே இருப்பதில்லை. பிசின் போன்ற ஒன்றைச் சுரந்து அதனுள் அடுக்கடுக்காய்க் குடியிருக்கின்றன. இதுவே பற்படலம். 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் லீவன்ஹூக், காடி அந்தப் படலத்தின் உட்புறம் வரை சென்று கொல்வதில்லை என்பதைக் கண்டறிந்தார்.

மிஸ்வாக் குச்சியின் சாறும் இப்படித் தட்டில் சோதிக்கப்பட்டு, கிருமிகளைத் தடுத்திருக்கிறது. இதைக் கேட்டு மகிழ்வோர் அதே அளவுகோலை இங்கும் வைக்கட்டும். குச்சியின் பெரும் பயன் தேய்ப்பதில் இருக்கிறது. ஊறவைத்த நீரில் அல்ல.

ஆகவேதான் மனித வாயிலேயே சோதித்தார்கள். 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரின் குழு, ஆரோக்கியமான ஈறுகளுடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தது. 10 முதல் 21 நாட்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கியதும் மறைந்தது. 1970இல் அவரே, குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசலைத் தினம் இருமுறை கொப்பளித்தால் படலம் படியாதிருப்பதைக் காட்டினார். அப்படியானால் அதையே நிரந்தரமாகப் பயன்படுத்தலாமே? கூடாது. நான்கு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால் பற்களில் கறை படிகிறது, நாவின் சுவையும் மாறுகிறது. அறுவைக்குப் பின்னர் போன்ற சமயங்களில், மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் அது உரியது.

வியாபாரிகளின் வாக்கையும் நிறுத்துப் பாருங்கள். பற்களின் இடுக்கை நூலால் சுத்தம் செய்வதற்கு நிகரானது என்ற லிஸ்டரின் விளம்பரத்தை, 2005இல் அமெரிக்க நீதிமன்றம் தவறான வழிநடத்தல் என்று தீர்ப்பளித்து நிறுத்தியது.

ஆல்கஹால் கலந்தது கூடுமா என்று பலர் கேட்கிறீர்கள். ஆல்கஹால் இல்லாதவை தாராளமாகக் கிடைக்கும்போது, சந்தேகமானதை ஏன் வாங்க வேண்டும்? புட்டியைத் திருப்பி, அதில் சேர்ந்துள்ள பொருட்களைப் படித்து வாங்குங்கள். ஆறு வயது நிறையாத பிள்ளைகள் விழுங்கிவிடுவார்கள். அவர்கள் கைக்கு அதைக் கொடுக்காதீர்கள், பிரஷ்ஷைக் கொடுங்கள்.