மழை இனி மாதம் பார்த்து வராது!

(மழைக்காலத்தை எதிர்கொள்வது குறித்து இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டம் ஒன்றில், தூத்துக்குடி மாவட்டத்தின் ஆற்றோர ஊரைச் சேர்ந்த பலசரக்கு வணிகர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

 

என்னைப் பேசச் சொன்னபோது தயங்கினேன். நான் ஆலிமும் அல்ல, பட்டம் படித்தவனும் அல்ல. மூட்டை தூக்கிப் பழகியவன். ஆனால் இழந்தவன் என்ற ஒரு தகுதி எனக்கு உண்டு. அந்தத் தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன்.

"கார்த்திகைக்கு மிஞ்சிய மழையில்லை" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். எத்தனையோ ஆண்டுகள் அது சரியாகவே இருந்தது. கார்த்திகை முடிந்தால் கடையின் தார்ப்பாயை மடித்து வைத்துவிடுவோம். கிறிஸ்துமஸ், பொங்கல் சரக்கை இறக்க ஆரம்பிப்போம். 2023ஆம் ஆண்டும் அப்படித்தான் செய்தோம். மழை வந்த நாள் எது தெரியுமா? டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி முதல் தேதி!

மறுநாள் காலை எட்டரை மணி வரையிலான இருபத்து நான்கு மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கொட்டியது. 95 செ.மீ. என்றால் எவ்வளவு? ஆயிரம் சதுர அடி மாடியைக் கணக்கில் எடுங்கள். அந்த ஒரு மாடியில் மட்டும் 88 ஆயிரம் லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஏழு நடைக்கு மேல் அடிக்க வேண்டும்! மாடியிலிருந்து தண்ணீர் இறங்குகிற குழாய் வாயில் நான்கு வேப்பிலை அடைத்திருந்தால் அந்த வீட்டின் கதி என்ன?

பெயரில்லாத மழை

நமக்கு ஒரு பழக்கம். புயலுக்குப் பெயர் வைத்தால்தான் பயப்படுவோம். அதே டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. நம் ஊர் இளைஞர்கள் இங்கிருந்து பாலும் பிஸ்கட்டும் போர்வையும் சேர்த்து அனுப்பினார்கள். நானும் இரண்டு மூட்டை அரிசி கொடுத்தேன். இரண்டே வாரத்தில் நாம் கையேந்தும் நிலைக்கு வருவோம் என்று யார் நினைத்தோம்? நம்மை அடித்தது புயல்கூட அல்ல. குமரிக்கடல் பக்கம் இருந்த ஒரு காற்றுச் சுழற்சி. அதற்குப் பெயரில்லை.

வானிலைத் துறையின் பாஷையையும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 7 முதல் 11 செ.மீ. வரை என்றால் கனமழை. 12 முதல் 20 வரை மிகக் கனமழை. அதற்கு மேல் எல்லாம் அதி கனமழை. 21 பெய்தாலும் அதே சொல்தான், 95 பெய்தாலும் அதே சொல்தான்.  அதனால் இனி "அதி கனமழை" என்றோ "சிவப்பு எச்சரிக்கை" என்றோ காதில் விழுந்தால், போன வருஷமும் இப்படித்தான் சொன்னார்கள் என்று சிரிக்காதீர்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கடல் சூடேறி வருகிறது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் அது சுமக்கும் ஈரம் ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடும் என்கிறார்கள். பெரிய பை வைத்திருப்பவன் கொட்டினால் அதிகம்தானே கொட்டும்! 2024இல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் 51 செ.மீ. அதோடு போயிற்றா? கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டிவிட்டுப் போயிற்று. கடற்கரைக்காரனுக்குத்தான் புயல் என்ற கணக்கும் முடிந்தது.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா அடித்தபோது அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த சகோதரர்களைப் பாருங்கள். காலையில் எழுந்து பார்த்தால் தோப்பே படுத்துக் கிடந்தது. நெல் போனால் அடுத்த போகம் உண்டு. தென்னை போனால் மறுபடி காய்க்க எத்தனை வருடம்!

வாப்பா போட்ட கோடு

என் கதைக்கு வருகிறேன். 1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்போது எங்கள் கடைக்குள் தண்ணீர் நின்ற உயரத்தை வாப்பா சுவரில் கோடு போட்டு வைத்தார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பலகை அடித்து, மூட்டைகளை அதன் மேல்தான் அடுக்குவோம். வாப்பாவின் அந்தக் கணக்கை முப்பது ஆண்டுகள் நம்பினேன். அன்று லுஹர் நேரத்தில் கடையைப் பூட்டும்போதுகூட, "கோட்டுக்கு மேலேதானே இருக்கிறது" என்று கடைப் பையனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மூன்றாம் நாள் ஷட்டர் தூக்க வரவில்லை. அரிசி ஊறி உப்பி உள்ளேயிருந்து முட்டிக்கொண்டிருந்தது. நான்கு பேர் சேர்ந்து நெம்பித் திறந்தோம். சீனி மூட்டைகள் வெறும் சாக்காகக் கிடந்தன. பருப்பு முளைவிட்டு நாறியது. கம்ப்யூட்டர் மேஜைக்கடியில் சேற்றுக்குள். வாப்பாவின் கோட்டைத் தேடினேன். அதற்கு மேலே என் நெஞ்சு உயரத்தில் புதிய கோட்டைச் சேறே போட்டிருந்தது.

வாப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர்கள் பார்த்த மழைக்கு அந்தக் கோடு சரி. நான் என் கண்ணால் எதையும் பார்க்கவில்லை. அதுதான் தவறு.

சரக்குகூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். பற்று நோட்டு போனதுதான் அடி. ஊரில் பாதிப் பேர் என்னிடம் கடன் வாங்கியவர்கள். நோட்டு கூழாகிவிட்டது. சிலர் தாமாக வந்து, "காக்கா, நான் இவ்வளவு தரணும்" என்று சொல்லிக் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்யட்டும். சிலர் வரவில்லை. அவர்களையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்கள் வீடும் மூழ்கியிருந்தது. ஆனால் ஒரு செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்பி வைக்க எத்தனை நிமிடம் ஆகும்? கடைச் சகோதரர்களே, இன்று இரவே அதைச் செய்யுங்கள். சரக்குக் கொள்முதல் பில்லையும் சேர்த்துச் செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது கூடுமா கூடாதா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்பு சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் எடுக்கவில்லை. பேணுதலால் எடுக்கவில்லை என்று இங்கே சொன்னால் அது பொய். சோம்பல்! கூடும் என்று கருதுகிறவர்கள், தங்கள் பாலிசியில் புயலும் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். சில பழைய தீ விபத்து பாலிசிகளில் பிரீமியம் குறையட்டும் என்று அதை நீக்கியிருப்பார்கள். 2021 ஏப்ரல் முதல் சிறு வணிகர்களுக்கென்று வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசியில் வெள்ளம் சேர்ந்தே வருகிறது. கூடாது என்று கருதுகிறவர்கள் சும்மா இருந்துவிடாதீர்கள். பத்துக் கடைக்காரர்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகை ஒதுக்குங்கள். யாருக்கு அடி விழுகிறதோ அவருக்கு அதிலிருந்து கொடுங்கள். அரசு அப்போது பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு ஆறாயிரம் ரூபாய் கொடுத்தது. அது அடுப்பு பற்ற வைக்க உதவியது. கடையை நிமிர்த்தப் போதுமா?

நான்கு வீடு தள்ளி

இனி நான் சொல்லப்போவது கடையைப் பற்றியதல்ல. அதைச் சொல்லத்தான் உண்மையில் வந்தேன்.

நம் தெருக்களில் ஆண்கள் எங்கே இருக்கிறார்கள்? துபாயில், சவூதியில், மலேசியாவில், சென்னையில். வீட்டில் இருப்பது உம்மாவும் மருமகளும் குழந்தைகளும். அன்று இரவு கரண்ட் போயிற்று. செல்போன் டவரும் போயிற்று. வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் போன் போட்டுப் போட்டு அழுதார்கள். இளைஞர்கள் சும்மா இருக்கவில்லை. படகு கொண்டுவந்தார்கள், கழுத்தளவுத் தண்ணீரில் நீந்தினார்கள். ஆனால் எந்த வீட்டில் யார் கீழ்த்தளத்தில் இருக்கிறார், யாருக்கு நடக்க முடியாது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சத்தம் வந்த பக்கம் போனார்கள். சத்தம் போடத் தெம்பில்லாதவர்கள்?

என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு மூதாட்டி, ஐந்து வயதுப் பேத்தியுடன் இருந்தார். மாடி இல்லாத வீடு. மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தண்ணீர் ஏற ஏற, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறை மேடையில் ஏறிக்கொண்டார். விடிய விடியக் குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோயாளி. இன்சுலின் இருந்த ஃபிரிட்ஜ் கண்ணெதிரே மிதந்துகொண்டிருந்தது. காலையில்தான் பின்பக்க ஜன்னலை உடைத்து எடுத்தார்கள். இருவரும் பிழைத்தார்கள், அல்ஹம்துலில்லாஹ். அந்த இரவு முழுவதும் நான் என் மாடியில் உட்கார்ந்து கடையை நினைத்துப் புலம்பிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டின் ஞாபகம் எனக்கு ஒரு முறைகூட வரவில்லை. எங்கள் கடையில் முப்பது வருடமாகச் சாமான் வாங்கும் வீடு அது. அவர் மாதம் எத்தனை கிலோ பருப்பு வாங்குவார் என்பது எனக்குத் தெரியும்!

அதன் பிறகுதான் எங்கள் மஹல்லாவில் ஒரு நோட்டுப் போட்டோம். தெருவாரியாக எழுதுகிறோம்: எந்த வீட்டுக்கு மாடி இல்லை, யார் தனியாக இருக்கிறார், யாருக்கு என்ன மருந்து, யார் கர்ப்பிணி, தண்ணீர் ஏறினால் எந்த மாடி வீட்டுக்குப் போவது. ஒரு தெருவுக்கு இரண்டு இளைஞர்கள் பொறுப்பு. மாடி வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசியாயிற்று. பெண்கள் கூச்சப்படாமல் போக வேண்டும் என்பதற்காகப் பெண்களை வைத்தே பேசினோம். எங்கள் வரிசையில் ஆறு வீடுகள் நம்முடையவை அல்ல, அவற்றையும் எழுதியிருக்கிறோம். தண்ணீர் வீடு பார்த்தா வருகிறது?

பள்ளிவாசல் மைக்கை பாட்டரியில் ஓடும்படி மாற்றினோம். அன்றைக்குக் கரண்ட் போனதும் மைக்கும் ஊமையாகிவிட்டது. கடும் மழையில் வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று பாங்கோடு அறிவிக்கச் செய்தது நபிவழியிலேயே உண்டு என்று எங்கள் இமாம் எடுத்துச் சொன்னார். அப்படியிருக்க, "ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, கீழே இருப்பவர்கள் மேலே போங்கள்" என்று அதே மைக்கில் சொல்ல என்ன தயக்கம்?

வீட்டுக்காரியங்களை நீங்களே அறிவீர்கள். பாஸ்போர்ட், பத்திரம், ரேஷன் கார்டை ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். தண்ணீர் வாசலுக்கு வருமுன் மெயின் சுவிட்சை அணையுங்கள், சிலிண்டரை மூடுங்கள். இன்வெர்ட்டரைத் தரையிலிருந்து தூக்குங்கள். வெள்ளம் வடிந்த கிணற்றில் தண்ணீரை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போடாமல் குடிக்காதீர்கள். மாவட்ட அவசர எண் 1077, மாநிலத்துக்கு 1070. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

அந்த மூதாட்டி இப்போதும் என் கடைக்கு வருகிறார். அந்த இரவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலாம்.

உங்கள் மஹல்லாவுக்கென்று நான் ஒரு வெற்று நோட்டு வாங்கி வந்திருக்கிறேன். ஹவுள் பக்கத்துத் திண்ணையில் பேனாவோடு வைத்திருக்கிறது. போகும்போது உங்கள் தெருவில் மாடியில்லாத வீடுகளை மட்டுமாவது எழுதிவிட்டுப் போங்கள். வஸ்ஸலாம்.