பழைய மிதிவண்டியும் கடற்காற்றும்

மட்டாஞ்சேரியில் பழைய மிதிவண்டி வாங்கச் செல்லும் நாம் முதலில் காண்பது வண்ணப் பூச்சைத்தான். உப்புக் காற்றும் இரு பருவ மழையும் உள்ள இவ்வூரில் அதை நம்புதல் தகாது. சீட்டுத் தண்டைக் கழற்றி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். துருத்தூள் மிகுதியாகக் கொட்டுமாயின், சட்டத்தை உள்ளிருந்தே துரு அரிக்கிறது என்பது பொருள். அத்தகைய வண்டி எவ்விலைக்கும் வேண்டாம். முன்கவையை அடுத்த குழாய்களின் அடிப்புறத்தில் பூச்சு சுருங்கியிருப்பின், அது எங்கோ மோதிய வண்டியாகலாம். விற்பவர் தாமாக இதைச் சொல்லமாட்டார்!

சங்கிலியில் இருபத்துநான்கு கண்ணிகள் புதிதில் 12 அங்குலம். அது 12⅛ அங்குலமாயின், பற்சக்கரங்களும் தேய்ந்திருக்கக் கூடும். அச்செலவை விலையில் கழித்துக் கேட்கலாம்.

வண்டியைச் செம்மைப்படுத்துகையில் கைப்பணம் குறைவாயின், புதுச் சீட்டும் மணியும் காத்திருக்கட்டும். எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும். கோட்டைக்கொச்சி வெளியின் தோபிகானாவில் தொழில் புரியும் நம் தமிழ்க் குடும்பங்களைப் போல மூட்டை சுமப்போர்க்கு இது உயிர்ப் பிரச்சினை. அலுமினிய ரிம் இக்குறையைப் பெரிதும் தணிக்கும். ஆனால் ராடு பிரேக் பூண்ட பழைய வண்டிக்கு ரிம்மை மட்டும் மாற்றினால் போதாது. ரிம்மின் இரு பக்கமும் பற்றும் பிரேக்கும் உடன் வேண்டும். இரண்டிற்கும் ஆகும் தொகையை, விலை பேசுமுன்னரே கேட்டறிந்து கொள்வோம்.