பக்கத்தால் பார்த்தால் தெரியும்

(நூற்றாண்டு விழா மாலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ குருதியமுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்று பயந்திருப்பீர்கள். இராப்போசனத்துக்கு முன் அந்தப் பேச்சு வேண்டாம். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் கமராவைத் தூக்கிக்கொண்டு நான் தேடிப் போகும் விண்முகில்களைப் பற்றிப் பேசவே வந்தேன். நெபுலா என்பார்களே, அவைதான்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது எங்கள் விடுதி முற்றத்தில். 1990களின் முற்பகுதி. குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி போட்டு, மண்ணெண்ணெயைத் துளித் துளியாகச் செலவழித்துப் படித்த காலம். ரோர்ச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். மாசி மாத இரவொன்றில் விஞ்ஞான ரீச்சர் எங்களில் பத்துப் பன்னிரண்டு பேரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். உச்சிக்குச் சற்றுத் தெற்கே வேட்டைக்காரன் என்னும் ஒரியன் நின்றது. திருவாதிரை அதன் தோள். வரிசையாக நிற்கும் மூன்று வெள்ளிகள் இடுப்புப் பட்டி. அதற்குக் கீழே வாள்.

“அந்த வாளின்ரை நடுவிலை தெரியிறது வெறும் வெள்ளியில்லை, முகில்” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“நேரே பாக்காதேங்கோ பிள்ளை. கொஞ்சம் பக்கத்தாலை பாருங்கோ.”

பார்த்தேன். பஞ்சுத் துணுக்குப்போல ஒரு மங்கல் தெரிந்தது.

ரீச்சர் சொன்னதன் காரணம் மருத்துவ பீடத்தில்தான் எனக்கு விளங்கியது. நாம் நேரே பார்க்கும்போது ஒளி விழுவது விழித்திரையின் நடுப்புள்ளியில். அங்கே கூம்புகள் மட்டுமே உண்டு. மங்கிய ஒளியை உணரும் கோல்கள் அதைச் சுற்றித்தான் இருக்கின்றன. அவை இருளுக்குப் பழக அரை மணி நேரம் எடுக்கும், நிறமும் அறியா. அதனால்தான் அந்த முகில் எங்களுக்குச் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. உண்மையில் அதன் ஐதரசன் வாயு சிவப்பாக ஒளிர்கிறது. உள்ளே பிறந்த இளம் நட்சத்திரங்களே அதை ஒளிரச் செய்கின்றன. அது இருப்பது ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில்.

எங்கள் கண் ஒளியைச் சேமித்து வைக்காது, கமரா சேமிக்கும். அந்த நிறத்தை ஒருமுறையாவது நானே பிடிக்கவேண்டும் என்ற ஆசை இருபது வருடத்துக்குப் பிறகு என்னை நியூசிலாந்தின் தெக்காப்போ ஏரிக்கரைக்குக் கொண்டுபோனது. அது ஜனவரி மாதம், அங்கே கோடை. முழு இருள் வர நள்ளிரவு நெருங்கிவிடும். வடக்கு வானில் ஒரியன் தலைகீழாக நின்றது. வாள் பட்டிக்கு மேலே! பழகிய ஒருவரைத் தலைகீழாகக் கண்டதுபோலத் திகைத்து நின்றேன்.

எக்ஸ்றே எடுக்கும்போது நோயாளியிடம் “அசையாதேங்கோ” என்போம். இங்கே நோயாளி அசைவதில்லை, கட்டில்தான் சுற்றுகிறது. முக்காலியில் வைத்த கமராவுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு: 500ஐ வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது, நட்சத்திரங்கள் கோடாக இழுபடாமல் எடுக்கக்கூடிய செக்கன்கள். 25 மில்லிமீற்றர் வில்லைக்கு 20 செக்கன் கிடைக்கும். நான் கொண்டுபோன 135க்கு நான்கு செக்கன்கூட இல்லை. ஆகவே பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துக் கமராவைத் திருப்பும் சிறு கருவி வேண்டும். அதன் அச்சு வான்துருவத்தை நோக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் அடிவானிலிருந்து பத்துப் பாகை உயரத்தில், பனைகளுக்குள் மறைந்து நிற்கும். தென்துருவத்திலோ அப்படியொரு பிரகாசமான நட்சத்திரமே இல்லை. திசை பிடிக்கவே எனக்கு ஒரு மணி நேரம் சென்றது.

ஒரு நிமிடப் படங்கள் அறுபது எடுத்தேன். பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கினால் புள்ளி இரைச்சல் குறையும். படங்கள் நான்கு மடங்கானால் இரைச்சல் பாதியாகும். ஆனால் அன்றிரவு வில்லையில் பனி படிந்ததை நான் கவனிக்கவில்லை. உருப்படியானவை முதல் ஒன்பது படங்கள் மட்டுமே. அடுத்த இரவு கை சூடாக்கும் பொட்டலத்தைக் காலுறையில் சுற்றி வில்லையில் கட்டினேன். விடியுமுன் கமராவின் சின்னத் திரையில் அந்தச் சிவப்பைக் கண்டேன். பக்கத்தில் யாருமில்லை. “ரீச்சர், தெரியுது” என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சென்ற வருடம் ரீச்சரிடம் கொண்டுபோனேன். மூப்பினால் அவருடைய விழித்திரையின் நடுப்பகுதி பழுதடைந்துவிட்டது. நேரே வைத்தால் படம் தெரியாது. முகத்தை ஒருபக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “விடுதி முற்றத்திலை நிண்டால் இப்பவும் தெரியுதோ?”

அன்றிரவே போய்ப் பார்த்தேன். ஒரியனின் பட்டி தெரிந்தது. முகில் தெரியவில்லை, பக்கத்தால் பார்த்தும். சுற்றிலும் வானத்தை நோக்கி எரியும் விளக்குகள்.

நான் பழைய இருளைத் திருப்பிக் கேட்கவில்லை. அந்த இருளில் நாங்கள் எதற்கெல்லாம் பயந்தோம், யாரையெல்லாம் இழந்தோம் என்பது இந்த மண்டபத்துக்குத் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்கு வெளிச்சம் வேண்டும். ஆனால் தெக்காப்போவிலும் தெருவிளக்கு உண்டு. பெண்கள் இரவில் பயமின்றி நடக்கிறார்கள். அங்கே விளக்குகள் மூடியிடப்பட்டு நிலத்தை மட்டுமே பார்க்கின்றன. 1980களின் தொடக்கத்திலிருந்தே அதற்கு விதி இருக்கிறது. 2012இல் அந்தப் பிரதேசம் சர்வதேச இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

நூற்றாண்டு நினைவாக எங்கள் சங்கம் மைதானத்துக்கும் விடுதிக்கும் புது விளக்குகள் போடப்போகிறது. நானும் பணம் தருகிறேன். கேட்பது மூன்று: விளக்குகளுக்கு மேல்மூடி போடுங்கள். நீலம் கலந்த வெள்ளை வானில் அதிகம் சிதறும். ஆகவே மஞ்சள் சாயலுள்ள மின்குமிழ் வாங்குங்கள். விடுதி முற்றத்து விளக்குக்குத் தனியாக ஓர் ஆளி வையுங்கள்.

மாசி மாதத்தில் ஒரேயொரு இரவு, அரை மணி நேரம், ஒரு ஆசிரியை அந்த ஆளியை அணைத்துப் பிள்ளைகளைக் கிணற்றடிக்கு அழைத்துப் போகட்டும். தொலைகாட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எங்களிடமும் இருக்கவில்லை.