எழுத்துக் குவியலிலே சொல்லைத் தேடல்



ஒன்பது ஆங்கில எழுத்துக்கள் ஒழுங்கின்றிப் பரப்பப்பட்டுள்ளன. அவற்றைக் கொண்டு இயன்ற அளவு நீளமான சொல்லொன்றை ஆக்குக என்பது விதி. சிறுவர் பொழுதுபோக்கு எனப் பலரும் இதனைத் தள்ளிவிடுவர். ஆயினும், ஒரு மொழியை அறிதல் என்றால் யாது என்னும் பெரிய வினா இச்சிறு விளையாட்டினுள்ளே அடங்கியிருக்கின்றது.

1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் வாட்டியது. அக்காலத்தில் வேலையிழந்திருந்த அல்பிரட் பட்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் சொல் விளையாட்டு ஒன்றினை வகுக்க முற்பட்டார். செய்தித்தாளின் முதற் பக்கத்தை எடுத்து, எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது என்று பொறுமையோடு எண்ணினார். அவ்வெண்ணிக்கையின் வழியே பிறந்தது இன்று உலகெங்கும் ஆடப்படும் ஸ்கிரபிள். அப்பெயரை 1948இல் இட்டவர் ஜேம்ஸ் புரூனோ என்பவர். அதிலுள்ள 100 வில்லைகளில் ‘ஈ’ என்னும் எழுத்துக்கு 12 உண்டு, ‘கியூ’வுக்கு ஒன்றே. கையிலுள்ள ஏழு வில்லைகளையும் ஒருங்கே வைப்பவர் மேலதிகமாக 50 புள்ளிகள் பெறுவர். நீண்ட சொல்லைத் தேடும் ஆவல் இவ்வாறு வளர்க்கப்பட்டது. பின்னர் 1965இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியிலும், அதனைப் பின்பற்றி 1982இல் ‘கவுண்ட்டவுன்’ என்ற பெயரில் பிரித்தானியத் தொலைக்காட்சியிலும் இத்தேடல் போட்டியாக நடைபெறலாயிற்று. பிரித்தானியப் போட்டியில் எழுத்துக்கள் ஒன்பது. காலம் 30 விநாடி.

ஒன்றுக்கொன்று வேறான ஒன்பது எழுத்துக்களை 3,62,880 வகையாக வரிசைப்படுத்தலாம். விநாடிக்கு ஒரு வரிசை வீதம் பார்ப்பினும் நான்கு பகலும் நான்கு இரவும் போதா. அவ்வாறாயின் அரை நிமிடத்திற் சொல்லைக் கண்டு சொல்பவர் எவ்வாறு காண்கின்றனர்? அவர் எழுத்துக்களை வெறுமனே குலுக்கிப் பார்ப்பதில்லை. சொல்லின் உறுப்புக்களைத் தேடுகின்றனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஏ, சீ, டீ, ஈ, ஐ, என், ஓ, ரீ, யூ என்பன தரப்பட்ட எழுத்துக்கள். பயின்ற கண் முதலில் ரீ, ஐ, ஓ, என் என்ற நான்கையும் சேர்த்து வலப்புறம் ஒதுக்கி வைக்கும். ஆங்கிலத்திலே தொழிற்பெயர் பலவற்றுக்கு ஈறாக வருவது அதுவே. எஞ்சியவை ஐந்து. அவற்றை ஈ, டீ, யூ, சீ, ஏ என்று நிறுத்தியவுடன் ‘எடியுகேஷன்’, அதாவது கல்வி என்ற சொல் தோன்றிவிடும். இனி, இறந்தகாலம் காட்டும் ஈ, டீ என்ற இரண்டையும் கடைசிக்கு அனுப்பி, முன்னர் ஒதுக்கிய நான்கினையும் அவற்றின் முன் வைத்தால் எஞ்சுவன மூன்றே. அம்மூன்றையும் ஏ, யூ, சீ என நிறுத்தினால் ‘ஓக்‌ஷன்ட்’, ஏலத்தில் விற்கப்பட்டது என்று பொருள். சீ, ஏ, யூ என நிறுத்தினால் ‘கோஷன்ட்’, எச்சரிக்கப்பட்டது என்று பொருள். கல்வியை ஏலத்தில் விடலாகாது என அவ்வெழுத்துக்களே எச்சரிக்கின்றன போலும்!

பகுதி, விகுதி, இடைநிலை என்று பதத்தைப் பகுத்துக் காண நன்னூல் வழியாகப் பழகிய தமிழ் மாணவனுக்கு இம்முறை புதியதன்று. மொழி வேறாயினும், உறுப்பறிந்து சொல்லறியும் நெறி ஒன்றே.

தரப்பட்ட எழுத்துக்களோடு வேறு எழுத்துக்களையும் சேர்த்துக் கொள்ளலாம் என்னும் வகையும் உண்டு. ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஆகிய ஐந்து உயிர்களும் இதே முறையில், ஒவ்வொன்றும் ஒருமுறையே வரும் சொல் யாது? ஐ, ஓ, யூ, எஸ் என முடியும் பெயரடைகள் ஆங்கிலத்திற் பல. அவ்வீற்றை நினைவுகூர்ந்தால் பிந்திய மூன்று உயிர்களும் ஒரே அடியிற் கிடைத்துவிடும். முன்னே ஏகாரமும் ஈகாரமும் அமைந்த பகுதியைத் தேடுவதே மிச்சம். உண்டி முதலியவற்றில் அளவு காப்பதைக் குறிக்கும் ‘அப்ஸ்டீமியஸ்’, வேளையறியாது விளையாட்டாகப் பேசுவதைக் குறிக்கும் ‘பசீஷஸ்’ ஆகிய இரண்டும் இவ்வாறே அகப்படுகின்றன.

இக்காலத்திலே கணினி இவ்வேலையைக் கண்ணிமைக்கும் நேரத்திற் செய்து முடிக்கின்றது. அதன் உபாயம் எளியது. அகராதியிலுள்ள ஒவ்வொரு சொல்லின் எழுத்துக்களையும் நெடுங்கணக்கு முறைப்படி அடுக்கி வைத்துக் கொள்கின்றது. மேற்கூறிய மூன்று சொற்களும் அவ்வாறு அடுக்கும்போது ஒரே வடிவம் பெறும். தரப்பட்ட எழுத்துக்களையும் அவ்விதமே அடுக்கி, ஒத்த வடிவத்தை எடுத்துக் கொடுத்துவிடும். கல்விக்கும் ஏலத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வேலையில் அது அறிய வேண்டியதில்லை.

மனிதருள்ளும் இதற்கொரு சான்று உண்டு. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்கிரபிள் உலகப் போட்டியில் முதலிடம் பெற்றார். அவர் பிரெஞ்சு மொழி பேச அறியாதவர். சொற்பட்டியலைச் சில வாரங்களில் மனனம் செய்து, அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோரை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வாகை சூடினார். அவரது நினைவாற்றல் பெரிதும் போற்றத்தக்கது. ஆயினும் தாம் வைத்த சொற்களைக் கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரருடன் அளவளாவ அவரால் இயலவில்லை.

எனவே சொல்லுக்கு மூன்று நிலைகள் உள எனலாம். எழுத்து ஒன்று, உறுப்பு இரண்டு, பொருள் மூன்று. எழுத்தை நினைவு தரும். உறுப்பை இலக்கணம் தரும். பொருளையோ வாசிப்பும் வழக்குமே தரவல்லன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இவ்விளையாட்டு முதலிரண்டு நிலைகளையும் சலிப்பின்றிப் பயிற்றும். எழுத்துக்கூட்டலும் திருந்தும். மூன்றாவதை அவர்களுக்குச் சேர்ப்பிப்பது பெற்றோர், ஆசிரியர் கடமை.

அதற்குச் செலவொன்றுமில்லை. பழைய அட்டைத் துண்டுகளில் எழுத்துக்களை எழுதிக் கொடுங்கள். பிள்ளை நீண்ட சொல்லொன்றைக் கண்டுபிடித்து மகிழும்போது, புள்ளி வழங்குமுன், “அச்சொல்லை வைத்து ஒரு வசனம் சொல், பார்ப்போம்” என்று கேளுங்கள். வசனம் வாயில் வந்த பின்னரே அச்சொல் அப்பிள்ளைக்கு உரிய சொல்லாகின்றது.