தந்தை என்ற சொல்: 1701ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை



ஒப்பந்தப் பத்திரம் எதுவாயினும், அது மீறப்பட்டால் யாரிடம் முறையிடுவது என்னும் வாசகத்தையே நான் முதலிற் தேடுவேன். தொழில் தந்த பழக்கம். 1701ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் நாள் மொன்றியலில் ஒப்பமிடப்பட்ட பெருஞ் சமாதான உடன்படிக்கையையும் அவ்வாறே வாசித்தேன்.

அந்தக் கோடையில் ஏறக்குறைய நாற்பது தேசிய இனங்களைச் சேர்ந்த 1300 தூதர்கள் அச்சிறு நகரில் வந்து இறங்கினர். பீவர்த் தோல் வாணிபத்தை ஒட்டி நெடுங்காலம் நடந்த போரில் எல்லோரும் களைத்திருந்தனர். ஐந்து இனங்களின் கூட்டாகிய இரோகுவாக்கள் போராலும் நோயாலும் மெலிந்திருந்தார்கள். பிரெஞ்சுக்காரருக்கோ ஐரோப்பாவில் மற்றொரு யுத்தம் வாசலில் நின்றது.

நம்புவது எளிதன்று. 1687இல் தெனோன்வில் என்ற ஆளுநர் காலத்தில், பிரொந்தெனாக் கோட்டைக்கு அழைக்கப்பட்டு வந்த இரோகுவாக்கள் சிறைபிடிக்கப்பட்டனர். ஆடவர் பலர் பிரான்சின் கப்பல்களிற் துடுப்பு வலிக்க அனுப்பப்பட்டனர். விருந்துக்கு வந்தவனைப் பிடித்துக் கட்டிய அந்தச் செயலை எவர் மறப்பர்?

இருந்தும் சமாதானம் கைகூடியதற்கு ஹியூரன் தலைவர் கொண்டியாரோங்க் பெரிதும் காரணர். போர்க் கைதிகளை இரு தரப்பாரும் திருப்பித் தருவதென்பது ஏற்பாடு. அவர் பேச்சை ஏற்று மேற்கு இனத்தார் தம்மிடமிருந்த இரோகுவாக் கைதிகளைக் கொண்டுவந்தனர். இரோகுவாக்களோ வெறுங்கையுடன் வந்தார்கள். தம்மிடமுள்ளோர் குடும்பங்களிற் பிள்ளைகளாக ஏற்கப்பட்டுவிட்டனர் என்றனர். சபை கலைந்திருக்க வேண்டிய கணம் அது. கொண்டியாரோங்க் காய்ச்சலுடன் நாற்காலியில் அமர்ந்து நெடுநேரம் பேசினார். தாம் ஏமாற்றப்பட்டதை மறைக்காமலே, சமாதானத்தைக் கைவிடலாகாது என்றார். ஒப்பமிடும் நாளைக் காணாமலே அவர் இறந்தார். நேற்றுவரை பகைவராயிருந்த இரோகுவாத் தூதரும் அவருக்குத் துக்கம் கொண்டாடினர். மறுநாள் தலைவர்கள் கொக்கு, எலி முதலிய தம் இனச் சின்னங்களை வரைந்து ஒப்பமிட்டனர்.

இனி நான் தேடிய வாசகம். ஓர் இனத்தார் மற்றோரினத்தாரைத் தாக்கினால், தாக்குண்டவர் பழிவாங்காது ஆளுநரிடம் முறையிட வேண்டும். தாக்கியவர் ஈடு செய்ய மறுத்தால் ஆளுநர் தாக்குண்டவருடன் சேர்ந்து அவரை வழிப்படுத்துவார். வாசிப்பதற்கு நேர்த்தியானதுதான். ஆனால் ஒப்பந்தக்காரருள் ஒருவரே நீதிபதியுமாகிறார்! அவர் தவறிழைத்தால் எங்கே செல்வது? பத்திரத்தில் விடையில்லை.

ஆளுநரை அவர்கள் ஒனொன்தியோ என்றும் தந்தை என்றும் அழைத்தனர். பிரெஞ்சுக்காரன் காதில் தந்தை என்றால் கட்டளையிடுபவன். ஹியூரனும் இரோகுவாக்களும் தாய்வழிக் குலத்தவர்; அங்கே அதிகாரம் தாய்மாமனுடையது. தந்தை கொடுப்பவன், பிணக்கைத் தணிப்பவன், ஏவாதவன். ஒரே சொல்லின் கீழ் இரண்டு ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன.

எழுத்தைப் பற்றி மற்றொன்று. அதே ஆண்டு யூலை 19இல் இரோகுவாக்கள் அல்பனி நகரில் ஆங்கிலேயருடனும் ஒரு பத்திரம் செய்து, தம் வேட்டை நிலங்களை ஆங்கில மன்னன் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தனர். மொன்றியலில் நடுநிலை, அல்பனியிற் பாதுகாப்பு. அவர்களை ஏமாளிகள் என எண்ணுவோர் இதனைக் கவனிக்கட்டும்.

சோதனை 1712இல் வந்தது. மெஸ்க்வாக்கி இனத்தாரும் 1701இல் ஒப்பமிட்டவரே. டெட்ரொயிட் கோட்டையருகே அவர்களுக்கும் அயலினத்தாருக்கும் பகை மூண்டபோது, நடுவராக வேண்டிய பிரெஞ்சுத் தளபதி ஒரு பக்கஞ் சேர்ந்தார். 1730இல் பிரெஞ்சுப் படையும் துணையினத்தாரும் அவர்களுட் பல நூற்றுவரை, பெண்டிர் குழந்தைகள் உட்படக் கொன்றனர். முறையிடுவதற்குரிய இடம் தாக்கியவரின் இல்லமாகவே இருந்தது.

1763 பெப்ரவரியிற் பாரிஸ் உடன்படிக்கை மூலம் பிரான்ஸ் கனடாவை ஆங்கிலேயருக்குக் கையளித்தது. அம்மண்ணுக்குரிய இனத்தாரிடம் எவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மே மாதத்தில் பொன்டியாக் என்னும் ஒட்டாவாத் தலைவர், பழைய தந்தை திரும்பி வருவார் என்ற நம்பிக்கையுடன் டெட்ரொயிட்டை முற்றுகையிட்டார். ஒக்டோபரில் பிரெஞ்சுத் தளபதி ஒருவரின் கடிதம் வந்தது: ஆங்கிலேயருடன் சமாதானமாகுங்கள் என்பது அதன் செய்தி. பொன்டியாக் முற்றுகையைக் கைவிட்டார்.