காக்கும் கருவியால் வரும் கேடு



படகிலுள்ள 12 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத் தொகுதியில் 3.2 வோல்ட் கலங்கள் நான்கு தொடராக இணைந்துள்ளன. மின்னேற்றத்தின்போது ஒரு கலம் ஏறத்தாழ 3.65 வோல்ட்டைக் கடந்தால், மேலாண்மைச் சுற்று முழுத் தொகுதியையும் துண்டித்துவிடுகிறது. கலத்தைக் காக்கும் இச்செயலே பிற கருவிகளுக்குக் கேடாவதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எஞ்சினோடு சுழலும் ஆல்டர்னேட்டரின் காந்தப்புலம் அக்கணமே அடங்குவதில்லை. அது தரும் மின்சாரத்தை ஏற்க மின்கலம் இல்லாமையால், மின்னழுத்தம் திடீரெனப் பல பத்து வோல்ட்டுகளாக எழுகிறது. அதே இணைப்பிலுள்ள ரேடாரும் வானொலியும் கருகக்கூடும். கப்பல்கள் நெருங்கிச் செல்லும் மலாக்கா நீரிணையில், இரவில் அவற்றை இழந்த படகின் நிலை யாது?

தடுக்கும் வழிகள் உள. ஆல்டர்னேட்டரை ஈய அமில மின்கலத்தோடு இணைத்து, அதிலிருந்து டிசி–டிசி மாற்றி வழியே லித்தியத்திற்கு மின்னேற்றலாம். நுண்கருவிகளையும் அவ்வீய மின்கலத்திலிருந்தே இயக்கினால், லித்தியம் துண்டிக்கப்பட்டாலும் அவை அணையா. ஆல்டர்னேட்டரில் மிகையழுத்தக் காப்பானையும் பொருத்தலாம். துண்டிக்குமுன் மின்னாக்கத்தை நிறுத்தும் ஒழுங்கியே இவற்றுள் சிறந்தது.

ஒன்றைக் காக்கும் ஏற்பாடு மற்றொன்றை என்ன செய்யும் எனக் கேட்கும் பழக்கத்தை நாம் வகுப்பறையிலேயே வளர்ப்போம்.